என் பிள்ளைக்குச் சேனை வைத்தது யார்?

அறுபதுகளின் தொடக்கம். ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. வீடு ஸ்ரீரங்கத்தில். எனக்கு நீரிழிவு. முதல் பிரசவத்தில் குழந்தை உயிரோடு கைக்கு வரவில்லை. அதனால் அங்கே யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். வார்டே வந்து வேடிக்கை பார்த்தது. அப்படிப்பட்டவனைப் பிறந்த கையோடு தனி அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூச்சு வாங்குகிறதாம். குண்டுப் பிள்ளை என்றால் மூச்சு வாங்காதா? வேறு யாருக்காவது மாற்றிக் கொடுக்கப் பார்க்கிறார்களோ என்று இரவெல்லாம் வாசலையே பார்த்துக் கிடந்தேன்.

மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். ஒரு நர்ஸ் அவன் வாயில் சொட்டுச் சொட்டாக ஏதோ விட்டுக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டால், சர்க்கரைத் தண்ணீராம்! ஒரு வாய் பாயசம்கூட ஆகாது, உனக்கு அது விஷம் என்று மாதக்கணக்கில் என்னை மிரட்டியவர்கள், என் பிள்ளைக்கு அதையே புகட்டுகிறார்கள்.

மாமியாருக்கு வேறு ஆத்திரம். பிறந்த பிள்ளைக்கு முதல் சர்க்கரைத் தண்ணீரை, அதாவது சேனையை, யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதற்காகவே லால்குடியிலிருந்து தன் அண்ணனை வரச்சொல்லியிருந்தார். "ஊர் பேர் தெரியாதவ சேனை வச்சுட்டா. இனி ஒரு நிமிஷம் இங்க இருக்க வேணாம், கிளம்பு" என்றார். வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. நான் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா குறுக்கே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, மறுமுனையைப் பக்கத்துத் தொட்டில் குழந்தையின் நெஞ்சில் வைத்தார். சீரான துடிப்பு. பிறகு என் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். துடிப்புக்கு நடுவே காற்று உரசுவதுபோல ஓர் இரைச்சல்.

"உங்க சர்க்கரை இவனுக்குள்ள போய் உடம்போட சேர்த்து இதயத்தையும் பெருக்க வச்சிருக்கும்மா. தொப்புள்கொடியை அறுத்ததும் இவனுக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு, அதான் அந்தத் தண்ணி. இதயம் தானா சரியாகுற பிள்ளைங்களும் உண்டு. இவனுக்கு ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்ப தூக்கிட்டுப் போனீங்கன்னா பிழைக்க மாட்டான்."

பிள்ளையை அவரிடமே நீட்டினேன். மாமியார் முணுமுணுத்தபடி ஜட்காவைத் திருப்பி அனுப்பினார்.

வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தோம். அவ்வப்போது டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். ஒரு நாள், எவ்வளவு உற்றுக் கேட்டும் அந்த இரைச்சல் கேட்கவில்லை; சீரான துடிப்பு மட்டும்தான்.

இன்றும் நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை; ஆனால் சந்தேகப்பட்டவளை வாயை மூடு என்று அதட்டாமல், நீயே கேட்டுக்கொள் என்று தன் கருவியைக் கழற்றிக் கொடுத்த அந்த அம்மாவால்தான் என் பிள்ளை எனக்கு மிஞ்சினான்.