ஆச்சி தடவிப் பார்த்த கை

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப் போவதில்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று அடித்துப் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 1988, ஆடிப்பூரத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில்.

அப்போது ஒரு பால்கோவாக் கடையில் எனக்கு வேலை. பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டச் சுண்டத் துடுப்புப் போட்டுக் கிண்ட வேண்டும். கிண்டிக் கிண்டி என் வலது உள்ளங்கை காய்ப்புக் காய்த்துக் கிடந்தது.

என் ஆச்சி சண்முகத்தாய் ராஜபாளையத்தில் இருந்தாள். தாயில்லாத என்னையும் சித்தப்பா பிள்ளைகளையும் வளர்த்தவள் அவள்தான். பஞ்சு மில்லில் மாடாக உழைத்துவிட்டு வந்து எங்களுக்கு ஆக்கிப் போடுவாள். சோறு மிஞ்சாத அன்று தனக்குப் பசியே இல்லை என்று சாதிப்பாள். கடைசியில் கண் அவிந்துவிட்டது. கையைத் தடவித்தான் எங்களைக் கண்டுபிடிப்பாள். என் கை என்றால் ஆள்காட்டி விரல் நேராகக் காய்ப்புக்கு வரும். இரண்டு முறை அழுத்துவாள். "பொன்னுராசு, சாப்பிட்டியாலே?" என்பாள்.

அந்த ஆச்சி சில நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தாள். யார் பால் ஊற்றினாலும் கடைவாயில் வழிந்துவிட்டது. பொன்னுராசு கையால் ஊற்றினால்தான் உயிர் அடங்கும் என்று வீட்டில் பேச்சு. காலையிலேயே கடைக்கு போன் வந்தது. முதலாளியும் கிளம்பச் சொன்னார்.

நான் போகவில்லை.

திருவிழா நேரம், வேலை கிடக்கிறது என்று சாக்குச் சொன்னேன். உண்மை வேறு. நான் பால் ஊற்றினால் ஆச்சி போய்விடுவாள். ஊற்றாதவரை இருப்பாள். என் புத்தி அப்படித்தான் போனது. அவள் படுகிற பாட்டை நினைத்தேனா? நினைக்கவில்லை. பாவி நான்.

மத்தியானம் மற்றவர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அடுப்படியில் நான் மட்டும். சட்டியில் பால் பாதி சுண்டியிருந்தது. துடுப்பெல்லாம், கையெல்லாம் பிசுபிசுப்பு.

திடீரென்று கொதி அடங்கியது. கீழே விறகு திகுதிகுவென்று எரிகிறது. சட்டியில் ஆவி இல்லை. தயங்கித் தயங்கி விரலை விட்டேன்... ஜில்லென்றிருந்தது.

பின்னால் ஒரு சத்தம். சப்... சப்... வறண்ட உதட்டை யாரோ நக்குகிறார்கள்.

தைல வாசனை வந்தது. ஆச்சி முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம்.

துடுப்பை விட்டுவிட்டேன்.

தொங்கிய கையில் ஒரு விரல் பட்டது.

ஊர்ந்தது...

காய்ப்பில் நின்றது.

அழுத்தியது. ஒரு முறை... இரண்டு முறை...

"வாய் காயுதுலே."

திரும்பினேன். யாருமில்லை.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

கையைக்கூடக் கழுவாமல் ஓடி பஸ் ஏறினேன். எங்கள் தெருமுனையிலேயே சங்குச் சத்தம் கேட்டது. சித்தப்பா மகன் ஞானதுரை என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். என்னைக் காணவில்லை என்றதும் அவனைப் பால் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். 'பொன்னுராசு வந்துட்டேன் ஆச்சி' என்று பொய் சொல்லி, பால் கரண்டியை நீட்டியிருக்கிறான். ஆச்சி அவன் உள்ளங்கையைத் தடவினாளாம். ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற கை, காய்ப்பு ஏது? வாயை இறுக மூடிக்கொண்டாளாம். அத்தோடு மூச்சு நின்றுவிட்டது.

எப்போது என்று கேட்டேன். மூன்று பத்து என்றான்.

எல்லாம் முடிந்த பிறகு, ஆச்சியைக் குளிப்பாட்டிய என் அத்தை பிச்சையம்மாள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏலே, ஆச்சிக்கு யாருலே பால்கோவா குடுத்தது? வெரல் நுனியில அம்புட்டும் ஒட்டியிருந்துச்சு. வாய் மட்டும் காஞ்சு கெடந்துச்சு."

நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.