நடக்க வேண்டியவர்கள் ஏறிய வண்டி

ஜட்கா ஓட்டுகிறவன் கண் முதலில் போவது சவாரியின் முகத்துக்கு அல்ல, இடுப்புக்கு. என்னைப்போல் சேலம் கடைவீதியில் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பின்பாரம்

மில் அரிசி வந்த காலத்தில் கடைவீதியில் தொந்தி இல்லாத முதலாளியைத் தேட வேண்டியிருந்தது. கனத்த ஆள் பின்னால் உட்கார்ந்தால் வண்டி பின்பக்கம் சாயும். குதிரையின் வயிற்றுவார் மேலே இழுத்து அதற்கு மூச்சு முட்டும். முன்னால் நகரச் சொன்னாலோ நமக்கு வசவு. ஒரு மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏப்பா, என்ர உடம்பு மேல கண்ணு வைக்காத. உன்ர குதிரைக்குத் தீனி போடு."

டாக்டர் சொன்ன மருந்து

நாச்சிமுத்து முதலாளி ராசிபுரத்தில் தறி நெய்தவர். சேலைமூட்டையைத் தலையில் வைத்துச் சந்தை சந்தையாக நடந்தவர். ஜவுளிக்கடை வைத்த பிறகு காலையிலிருந்து இருட்டும்வரை மெத்தையில்தான் இருப்பு. மத்தியானம் நெய்ச்சோறு, சாயங்காலம் ஜிலேபி. படி ஏறினால் இளைப்பு. நீரில் சர்க்கரை இறங்குகிறது, எடையைக் குறைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து, தினமும் நட என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஊருக்குள்ள நடந்தா கடை நொடிச்சுப் போச்சும்பாங்க. ஓமலூர் ரோட்டுக்கு வண்டியக் கட்டு, அங்க போயி நடக்கறேன்."

ஓமலூர் ரோடு

ஊர் எல்லை தாண்டியதும் இறங்குவார். அவர் முன்னே நடக்க, நான் காலி வண்டியோடு பின்னே போவேன். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சில வாரத்தில் இளைப்பு குறைந்தது, வேட்டியை இறுக்கிக் கட்டினார், பழைய சந்தைக் கதைகளெல்லாம் சொன்னார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அவர் மகளுக்கு ஓமலூரில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். ஒரு நாள் மாப்பிள்ளையின் மாமன் அந்த வழியாக வந்தவர், முதலாளி வியர்க்க விறுவிறுக்க நடப்பதைப் பார்த்துவிட்டார். பின்னால் வந்த வண்டியை யார் கவனித்தார்கள்? வண்டிக்குக்கூட வக்கில்லாத வீட்டில் பெண் எடுப்பதா என்று அன்று மாலையே ஆள் வந்து கேட்டான். மறுநாள் முதலாளி என் வண்டியிலேயே கடைவீதியை இரண்டு சுற்றுச் சுற்றினார். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டுமப்பா, அப்பறம் நடந்துக்கறேன்."

கல்யாணத்துக்குப் பின்

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆனால் அதற்குள் உடம்பு பழையபடி ஊதிவிட்டது. கல்யாணத்துக்கு வாங்கிய புதுச்செருப்பு காலைக் கடித்துப் புண்ணாக்கியது. புண் ஆறவில்லை. விரல் கறுத்தது, பிறகு பாதம். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு நான்தான் அழைத்து வந்தேன். அவர் மனைவியும் நானுமாகத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தோம். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் முன்னால் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்தேன். முதலாளி சொன்னார். "இனி நான் நடக்கறேன்னு எவனும் சொல்ல மாட்டான். வண்டிய உடப்பா."

அத்தனை வருஷத்தில், ஊர் என்ன பேசுமோ என்று பயப்படாமல் நடந்தது என் குதிரை ஒன்றுதான்.