ஐந்து நாள் மாத்திரை, பதினோரு வருஷம்

1. ஆடிய பற்கள்

முப்பத்து மூன்று வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொத்தைப் பல்லைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததில்லை. அது வலிக்கும், ஆள் வந்துவிடுவார். ஈறு நோய்தான் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. பெரும்பாலும் வலி காட்டாமலே எலும்பைக் கரைக்கும். பல் ஆடும்போதுதான் ஆள் வருவார்.

காஜா மைதீன் அப்படித்தான் வந்தார். மேலப்பாளையத்துக்காரர், வயது நாற்பத்தாறு, துபாயில் அத்தர் கடை சேல்ஸ்மேன். கீழ் முன்பற்கள் நான்கும் நாக்கு பட்டாலே ஆடின.

"பத்து நாள்ல மவளுக்கு நிக்காஹ் சார். பல்ல எப்படியாவது நிப்பாட்டித் தந்துருங்க."

ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. பல்லின் அடியில் அழுக்கு காரையாகிக் கல்லாய் இறுகிக் கிடந்தது. ஈறுக்குள் ஆழம் பார்க்கும் கம்பி பாதிக்கு மேல் உள்ளே போனது.

"ரத்தம் எத்தன வருஷமா வருது வே?"

"ரொம்ப நாளா வருது சார். ரத்தம் வருதேன்னு அந்தப் பக்கம் பிரஷ்ஷே வைக்கதில்ல. வீங்குனா மாத்திர இருக்குல்லா, அஞ்சு நாள்ல வத்திரும். லீவுக்கு வரும்போதெல்லாம் வாங்கிட்டுப் போயிருவேன்."

"கிளீன் பண்ணணும்னு தெரியாதா?"

"கிளீன் பண்ணுனா பல்லு ஆடும்னு துபாய்ல ரூம்ல கூட இருக்கவங்க சொன்னாங்க சார். ஒருத்தனுக்குப் பல்லுக்கு நடுவுல சந்தே விழுந்துட்டாம்."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. காரை பல்லைத் தாங்கிக்கொண்டா இருக்கிறது? ஈறைப் பல்லைவிட்டுப் பிரித்து எலும்பை அழிப்பதே அதில் குடியிருக்கும் கிருமிகள்தான். எடுத்தபின் தெரியும் சந்து, நோய் ஏற்கெனவே தின்றுவிட்ட இடம். மாத்திரை வீக்கத்தை அடக்கும், காரையை ஒரு துளிகூடக் கரைக்காது. ரத்தம் வருகிற இடத்தில்தான் பிரஷ் பைய, ஆனால் தவறாமல் போக வேண்டும்.

"எந்த மடையன் வே இத்தன வருஷம் மாத்திர கொடுத்தது?"

எதிர்த்த மருந்துக் கடை என்றார். கையோடு அவரையும் இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

2. மருந்துக் கடையில்

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கடைக்கார அண்ணாச்சியை வாங்கு வாங்கென்று வாங்கினேன். மனுஷன் வாயில் எலும்பு கரைகிறது, நீர் மிட்டாய் மாதிரி மாத்திரை விற்கிறீரே என்று கத்தினேன்.

அண்ணாச்சி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "சீட்டு இல்லாம நான் கொடுக்கலியே சார். பாய், அத எடுத்துக் காட்டும் வே."

பாய் தயங்கித் தயங்கிப் பாஸ்போர்ட் பையைத் திறந்து, லேமினேட் போட்ட ஒரு சீட்டை எடுத்தார். "மாத்திரயப் பாத்து ஏர்போர்ட்ல கேட்டா காட்டணும்லா சார். கிழிஞ்சிரக் கூடாதுன்னு போட்டு வச்சேன்."

எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு. பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஐந்து நாளைக்கு மாத்திரை. அடியில் ஆங்கிலத்தில், எனக்கே வாசிக்கச் சிரமமான எழுத்தில், ஸ்கேலிங், அதாவது காரை எடுக்க வேண்டும் என்று ஒரே ஒரு சொல். கையெழுத்து என்னுடையது.

"நீங்க கோவமா இருந்திய. எப்படிச் சொல்லுததுன்னு இருந்தேன் சார்" என்றார் பாய்.

பழைய சீட்டுக்கு மருந்து தரக் கூடாதென்று அண்ணாச்சிக்கும் தெரியும். அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் ஆரம்பித்து வைத்தது நான். அன்றைக்கு வெளியே வரிசை நின்றிருக்கும். அடுத்த ஆள் என்று கத்தியிருப்பேன். அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, இதுதான் காரை, இதை எடுக்க வாரும் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

3. புதுச் சீட்டு

நான்கு பற்களையும் பக்கத்து உறுதியான பற்களோடு மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினேன். நிக்காஹ் வரை நின்றன. அதன்பின் அந்த நான்கையும் எடுத்துவிட்டுக் கட்டுப்பல் வைத்தோம். ரத்தம் பார்த்ததில் சர்க்கரையும் இருந்தது. அது ஈறைக் கெடுக்கும், ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரைக்கு வைத்தியம் தொடங்கினார். மற்ற பற்களைப் பல தடவை வரவழைத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்தேன். அவை ஆடவில்லை.

லீவு முடியும்போது சீட்டு கேட்டார். தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: தினம் இரண்டு வேளை மெல்லிய பிரஷ், பல் சந்துக்குச் சின்ன பிரஷ், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் வாயைக் காட்டவும்.

"இதயும் லேமினேட் போட்டுக்கிடுதேன் சார்."

"போடாதீரும் வே. கிழியட்டும். வாயக் காட்டிட்டுப் புதுசு வாங்கிக்கிடும்" என்றேன்.

பழையதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஓய்வு பெறும் நாள் வரை அது என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், நோயாளி உட்கார்ந்ததும் என் கண்ணில் படும்படி இருந்தது. புதிதாக வந்த டாக்டர்களுக்கு நான் சொல்லி வந்தது ஒன்றுதான்: நீங்கள் விளக்காமல் அனுப்பிய ஆளுக்கு, நீங்கள் எழுதிய சீட்டுதான் டாக்டர்.