கொழுக்கட்டை எழுத்து

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் ஏசுராஜின் மகள் லிடியா, பள்ளியில் சேர்ந்த புதிதில் எழுத்தைப் பார்த்தாலே பயந்தாள். கண்ணில் கோளாறு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தின் மெல்லிய எழுத்துகளெல்லாம் அவளுக்குச் சிக்குப் பிடித்த நூலாகத் தெரிந்தன. மக்கு என்று சொல்லிக் கடைசியில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்ட பிறகு படித்துவிட்டாள். பயம் மட்டும் உள்ளேயே கிடந்தது.

பன்னிரண்டாவது முடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் சகாதேவனின் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தாள். கம்ப்யூட்டரில் எழுத்தையே புதிதாக வரையலாம் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே ஆசைதான். தன்னைப் போல ஒரு பிள்ளை பயப்படாமல் படிக்கிற எழுத்து ஒன்றை வரைய வேண்டும்.

வேலையில்லாத மதியங்களில் வரைந்தாள். கோடு தடிமனாக இருக்க வேண்டும். எந்த முனையும் குத்தக் கூடாது, விரல் நுனி மாதிரி உருண்டிருக்க வேண்டும். நினைப்பது எளிது. தமிழில் சுழி அதிகம். கோட்டைத் தடிமனாக்கினால் சுழிக்குள் இருக்கிற வெள்ளை அடைத்துக்கொள்ளும். ‘ண’வின் சுழிகளைத் திறந்து வைத்தால் அது அகலமாகிப் பக்கத்து எழுத்தை இடித்தது. ‘ஞ’ அவளை மாதக்கணக்கில் அழ வைத்தது. கடைசியில், கோடு சுழிக்குள் திரும்புகிற இடத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாமல் கொஞ்சம் இளைக்க வைத்தாள். வெள்ளை பிழைத்தது.

சகாதேவன் திரையை எட்டிப் பார்த்தார். “ஏம்மா லிடியா, இது எழுத்தா, கொழுக்கட்டையா?”

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

டியூஷன் போர்டு, படகுப் பெயர், உப்புப் பாக்கெட் என்று முதலில் நல்ல இடங்களுக்குத்தான் அது போனது. அப்புறம் ஒரு நாள் கடலோரக் குப்பத்தில் பாக்கியலட்சுமி என்பவளின் கணவன் படகு கவிழ்ந்து இறந்தான். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வந்த சொந்தக்காரர்கள், ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் பெயர் தெரிய வேண்டும் என்றார்கள். லிடியா அன்று மாதா கோயில் தேருக்காக லீவு. சகாதேவன் அவளுடைய எழுத்தை எடுத்துப் போட்டார். மேலே மாலை போட்ட படம், நடுவில் கொட்டை கொட்டையாகப் பெயர், அடியில் தோற்றம், மறைவு.

கோடை முழுக்க அந்த பேனர் சாலை வளைவில் நின்றது. வெயிலில் படம் வெளுத்தும் பெயர் மங்கவில்லை. அதன் பிறகு சாவு வீட்டிலிருந்து வந்த ஒவ்வொருவரும் அதே எழுத்தைக் கேட்டார்கள். கேட்ட மற்ற ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்கெல்லாம் சகாதேவன் அதை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். திண்டிவனம் வரைக்கும் போனது. லிடியா சண்டை போட்டாள். அவருக்கு அது புரியவே இல்லை.

“நல்லா தெரியுதுன்னுதானேம்மா கேக்குறாங்க. சந்தோஷப்படுவியா, மூஞ்சைத் தூக்கி வச்சிக்கிறியே.”

அந்த நேரத்தில்தான் ஷாலினி தேடி வந்தாள். ஆரோவில்லில் வேலை பார்ப்பவள். சுற்றியுள்ள கிராமங்களின் மாலை வகுப்புகளுக்கு முதல் வாசிப்புப் புத்தகம் போட இருந்தாள். டியூஷன் போர்டில் இந்த எழுத்தைப் பார்த்திருந்தாள். குப்பத்து வகுப்பில் மாதிரிப் பிரதி கொடுத்துப் பார்ப்போம், தாய்மார்களுக்குப் பிடித்தால் எல்லா ஊருக்கும் இதே எழுத்துதான் என்றாள். லிடியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளை முதலில் படிப்பது தன் பெயராக இருக்கட்டும் என்று ஒவ்வொரு புத்தக அட்டையிலும் ஒரு பிள்ளையின் பெயரைப் பெரிதாகப் போட்டாள். அழகுக்காக, அடியில் பிறந்த தேதியையும் போட்டாள்.

வகுப்பில் புத்தகத்தை வாங்கிய தாய்மார்கள் யாரும் அதைப் பிரிக்கவில்லை. ஒருத்தி கவிழ்த்துத் தரையில் வைத்தாள். இன்னொருத்தி மகளின் பெயரைக் கையால் மூடிக்கொண்டாள். லிடியா காரணம் தெரியாமல் முகம் முகமாகப் பார்த்தாள்.

“தோற்றம் போட்டுட்டீங்க,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. “மறைவு மட்டும்தான் பாக்கி.”

அப்போதுதான் லிடியா அட்டையை அவர்கள் கண்ணால் பார்த்தாள். அட்டையைக் கிழித்துவிடலாம் என்று ஷாலினி கெஞ்சிப் பார்த்தாள். உள்ளேயும் அதே எழுத்துதானே என்றார்கள்.

பாக்கியலட்சுமி தன் மகனுடைய பிரதியைக் கொண்டுவந்து லிடியாவின் மடியில் வைத்தாள். அவள் கோபப்படவில்லை.

“மனசுல வச்சிக்காத பாப்பா. எழுத்து நல்லாத்தான் இருக்குது. எங்க வீட்டுக்காரர் பேரு அவ்ளோ தூரத்துலயும் தெரிஞ்சுது. அதான் என் புள்ள பேரை அதுல பாக்க முடியல.”

திரும்பும் வழியில் ஷாலினி, வேறு எழுத்தில் போட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

லிடியா விடவில்லை. யாருக்கும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தாள். கோட்டை இளைக்க வைத்தாள், முனைகளை வெட்டினாள். குறையக் குறைய அது முதல் வகுப்பில் அவளைப் பயமுறுத்திய எழுத்தாகவே ஆனது. நிறுத்திவிட்டாள்.

புத்தகம் மெல்லிய எழுத்தில் வந்தது. அதைப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்க அவள் போகவில்லை.

சாவு வீட்டிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் செல்போனில் இறந்தவரின் படத்தைக் காட்டி, அந்த உருண்டை எழுத்தில் போடுங்கள் என்கிறார்கள். அவள் பெயரைக் கேட்டு அடிக்கிறாள். வயதைக் கேட்பதில்லை. சின்ன வயசாக இருந்தால் படத்திலேயே தெரிந்துவிடுகிறது.