தட்டினால் சேரும் மீன்கள்

மீன் தொட்டி வாங்கியது என் கணவருக்காக. ஏரியில் மீன் பிடிப்பவர். படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின், எழுந்து உட்காரப் பழகும்படி டாக்டர் சொல்லியும் கேட்காமல் சுவரைப் பார்த்தே கிடந்தார். ஏரிக்குப் போக முடியாதவருக்குக் கட்டில் ஓரமாவது தண்ணீர் இருக்கட்டும் என்று வைத்தேன்.

முதலில் விட்ட கப்பி, மோலி மீன்கள் உடனே பழகிவிட்டன. அவருக்குப் பிடித்ததோ நீலமும் சிவப்புமாய் மின்னும் நியான் டெட்ரா மீன். வாங்கி வந்த நான்கும் இரை எடுக்காமலே ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. அன்று அவர் கஞ்சியைத் தள்ளிவிட்டார். "வுடு மே. இந்த வூட்ல இனிமே எதுவும் பொழைக்காது."

அந்தப் பேச்சை அப்படியே விட எனக்கு மனமில்லை. மறுபடி கொளத்தூர் வண்ணமீன் கடைக்குப் போனேன். கூட்டமாய் வாழும் மீன், ஆள் குறைந்தால் மிரளும் என்று கடைக்காரர் சொன்னதால் இம்முறை பத்து வாங்கினேன். தொட்டியின் பின்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு மூலையிலும் செடி நட்டேன். மீன் இருந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறுகச் சிறுக அதில் ஊற்றிய பிறகே மீன்களை விட்டேன். தொட்டி விளக்கைப் போடவில்லை.

மறுநாள் பத்தும் ஒரு மூலையில் ஒட்டி நின்றன. அவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, எப்பிடி ஒத்துமையா நிக்குது!"

ஆனால் போட்ட இரை தொடப்படாமல் அடியில் கிடந்தது. செய்ததையெல்லாம் மனத்துக்குள் வரிசையாகச் சரிபார்த்தேன். எதையும் விடவில்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், படுத்தபடியே விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"பிரிஞ்சி பிரிஞ்சி போவுது மே. தட்டினா டக்குனு சேந்துக்குது."

"ஏரில படகுப் பலகையத் தட்டுவீங்களே, அது எதுக்கு?"

"மீன வலைக்கு ஓட்டறதுக்கு."

"அதுங்க ஆசையாவா ஓடுது?"

அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அதன்பின் தட்டவில்லை. கை துறுதுறுக்கும்போதெல்லாம் போர்வை அசைவதை நான் பார்த்தேன். முதலில் ஒரு டெட்ரா செடியைவிட்டு வெளியே வந்தது. அடுத்த நாள் மூன்று. வாரக் கடைசியில் பத்தும் தொட்டி முழுக்கப் பரவி, விழுகிற இரையைப் பாதியிலேயே கவ்வின.

"தனித்தனியா சுத்துதே மே?"

"பயம் போச்சில்ல, அதான்."

ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பி வந்தார். குனிந்து தொட்டியைப் பார்த்தவர், எல்லா மீனும் தம் பக்கம் வரட்டும் என்று கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினார்.

"டேய், கைய எடுடா! இங்க இன்னா வலையா கட்டி வெச்சிருக்கு?"

தம்பி திடுக்கிட்டுப் பின்வாங்கினார். நான் மீன்களைப் பார்க்கவில்லை. என் கணவர் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தார். மறுபடி சாய்வதற்குள் ஓடிப்போய் முதுகுக்குத் தலையணை வைத்தேன்.