கட்டி என்று சொன்னேன்

தெருவில் நான் என் மனைவிக்கு முன்னால் நடப்பேன். எங்கள் பக்கத்தில் ஆண்கள் முன்னால் போவதும் பெண்கள் பின்னால் வருவதும் வழக்கம்தான் என்பதால் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் என் காரணம் வழக்கம் அல்ல. அவளோடு சேர்ந்து வருகிறவனாக என்னை யாரும் பார்க்கக்கூடாது என்பதுதான் காரணம்.

அவளுக்கு மார்பு மிகவும் பெரியது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

கலியாணமாகி வந்தபோதே அப்படித்தான். அறுபதுகளின் கடைசியில் இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு இன்னும் கனத்துவிட்டது. முதுகு வளைந்து, கழுத்து முன்னால் நீண்டு, முப்பது வயதுக்குள் கிழவியைப் போல நடந்தாள். உள்பாடியின் நாடா அழுத்தி அழுத்தி இரண்டு தோளிலும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கோடையில் மார்புக்கு அடியில் தோல் வெந்துபோகும். என் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். மத்தியானத்தில் வேலை முடிந்ததும் வெறும் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஒரு நிலையில்தான் வலிக்காது என்று எனக்குத் தெரியாது. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு சடங்கு வீட்டில் பந்திக்குப் பாய் விரிக்கும்போது ஒரு பெண் இவளைக் காட்டி, "ஆச்சிக்கு மட்டும் ரெண்டு எலைக்கு எடம் விட்டுப் போடுங்க" என்றாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். தானும் சிரித்ததாக வீட்டுக்கு வந்து சொன்னாள். இனிமேல் விசேஷங்களில் பின்வரிசையில் உட்காரும்படி அவளிடம் சொன்னேன். நான் தந்த ஆறுதல் அதுதான்.

அப்போது நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, காரைக்குடி லேடி டாக்டரிடம் கழுத்துவலிக்குப் போனதையும், ஆபரேஷன் செய்து மார்பைச் சிறிதாக்க முடியும் என்று அந்த அம்மாள் சொன்னதையும் சொன்னாள். மதுரையில் தீக்காயக்காரர்களுக்குத் தோல் ஒட்டுகிற டாக்டர் ஒருவர் இதையும் செய்வாராம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். அவள் வலியைப் பற்றி நான் யோசித்தேன் என்று எழுதினால் பொய். இனிமேல் அவளோடு சேர்ந்து நடக்கலாம் என்றுதான் யோசித்தேன். சம்மதித்தேன். ஆனால் யாருக்கும் தெரியக்கூடாது என்று நிபந்தனை போட்டேன்.

"வீட்டுல என்னன்னு சொல்லுவீக?" என்று கேட்டாள்.

"கட்டின்னு சொல்லிக்குவோம். கட்டியை எடுக்குறாகன்னு."

"கட்டியா" என்றாள்.

எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. நோய் என்றால் கௌரவம். வலியில்லாமல் நிமிர்ந்து நடப்பதற்காக ஒரு பெண் மதுரைக்குப் போய் உடம்பை அறுத்துக்கொண்டாள் என்றால் ஊர் சிரிக்கும், அழகுக்காகச் செய்தாள் என்று பேசும். அதைவிட, வெளியே சொன்னால் ஒவ்வோர் ஆணும் என் முகத்தைப் பார்க்கும்போது அதைத்தானே நினைப்பான் என்று பயந்தேன். பிள்ளைகள் தலையில் அவள் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மதுரையில் ஆபரேஷனுக்கு முந்திய சாயங்காலம் டாக்டர் அவளை நிற்கவைத்து, ஊதா மையால் மார்பில் கோடுகள் போட்டார். எங்கே வெட்ட வேண்டும், எங்கே சேர்த்துத் தைக்க வேண்டும் என்ற கணக்கு. வெளியே வந்தவள், பிள்ளைகள் சிலேட்டில் கிறுக்கியதைப் போல ஆக்கிவிட்டார் என்று சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இனிமேல் பிள்ளை பிறந்தால் பால் கொடுக்க முடியாமல் போகலாம், தொடு உணர்ச்சி குறையலாம், தழும்பு கட்டாயம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சரி என்றேன். கடைசியில் டாக்டர் என்னைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, "நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்றார். அவள், "நிமிந்து உக்காரணும் டாக்டர். அதுபோதும்" என்றாள்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்ததும், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடுத்ததாக டாக்டர் சொன்னார். பாரம், நெம்புகோல், தாங்குபுள்ளி என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அந்தக் கணக்கை என் வீட்டில் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

அதற்கடுத்த நாளே ஊருக்குத் திரும்பிவிட்டேன். கல்லூரியில் செய்முறைத் தேர்வு. மாற்று ஆள் கேட்டிருக்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவளுடைய தாயார் முன்பே இறந்துவிட்டார். அவள் பிறந்த ஊரான புதுவயலிலிருந்து தங்கை துணைக்கு வருகிறேன் என்றாள். வந்தால் பார்த்துவிடுவாள் என்று, சின்ன ஆபரேஷன்தான், அலைய வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கூலிக்கு ஓர் ஆயாவை அமர்த்திவிட்டுப் பஸ் ஏறினேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் ரப்பர்க் குழாய் செருகி, நெஞ்சு முழுக்கக் கட்டுப் போட்டு, தலையணைகளில் சாய்த்து வைத்திருந்தார்கள். கையைத் தூக்க முடியாது. ஆயா இரண்டாம் நாளே வரவில்லையாம். பக்கத்துக் கட்டிலில், ஸ்டவ் வெடித்துக் கழுத்து வெந்துபோன ஒரு பெண், தன் நல்ல கையால் இவளுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வரச் சொன்னாள்.

தையல் பிரித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எங்கள் வழக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மகனுக்குக் கலியாணமானதும் கொஞ்ச நாளில் அவனையும் மனைவியையும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், அடுப்புத்தான் வேறு. வருஷத்துக்கு வேண்டிய நெல்லும் பண்டமும் தந்துவிடுவார்கள். அதற்குமேல் அவரவர் சமையல் அவரவருக்கு. அந்தப் பெரிய வீட்டில் ஆத்தாவின் அடுப்பு ஒருபக்கம், அண்ணனின் அடுப்பு ஒருபக்கம், எங்கள் அடுப்பு வீட்டின் கடைசிப் பகுதியான பின்கட்டில். தோளுக்கு மேல் ஒன்றரை மாதம் கை உயரக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆத்தா சில நாள் சோறு அனுப்பினார். பிறகு நான் பொங்கினேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து, உப்பு எவ்வளவு, எப்போது இறக்குவது என்று சொல்லுவாள். அவளுக்குத் தலைவாரியும் விட்டேன். சடை பின்னத் தெரியாது. கயிற்றைப் போல முறுக்கி நுனியில் முடிச்சுப் போட்டேன். எனக்கு முதுகைக் காட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு இவ்வளவு நேரானது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த நாட்களை அப்படியே விட்டிருந்தால் நாங்கள் நன்றாக இருந்திருப்போம். ஆனால் நான் சொன்ன கட்டி ஊருக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. நெஞ்சில் கட்டி, மதுரையில் அறுத்து எடுத்தார்கள் என்றால் எல்லாருக்கும் ஒரே நோய்தான் நினைவுக்கு வரும். பார்க்க வந்த பெண்கள் அவளைப் பாராமல் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். பிள்ளைகளை இனி யார் பார்ப்பார்கள் என்று ஒருத்தி அவள் எதிரிலேயே கேட்டாள். அண்ணன் மனைவி அவள் தண்ணீர் குடித்த தம்ளரைத் தனியாக எடுத்துவைத்தார். ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஒருவரோடும் உண்மையைப் பேச முடியாமல், சாகாத ஒருத்தி தன் துக்கத்துக்கு வருகிறவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

பிறகு அவள் அப்பச்சி, என் மாமனார், வந்தார். புதுவயலில் ஓர் அரிசி மில்லில் பங்குக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். இளைய மகளுக்குக் கீழச்சிவல்பட்டியில் இடம் பேசி ஏறக்குறைய முடிந்திருந்தது. இப்போது மாப்பிள்ளை வீட்டார் தயங்குகிறார்களாம். தாயார் சின்ன வயதில் போய்விட்டார், அக்காளுக்கு நெஞ்சில் கட்டி, அந்த வீட்டுப் பெண்களுக்கு அது வம்சமாக வருகிறதோ என்று கேட்டனுப்பியிருக்கிறார்கள். அவர் என் எதிரில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கலியாணத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை.

"மாப்பிள்ளை, எம் மக பிழைச்சுக்கிருவாளா? அதை மட்டும் சொல்லுங்க."

இரண்டு வாக்கியத்தில் அவரை நான் காப்பாற்றியிருக்கலாம். அந்த மனிதரிடம் அவர் மகளின் மார்பைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கூசினேன். "சாதாரணக் கட்டிதான் மாமா, பயமில்லை" என்றேன். பயமில்லை என்று எல்லாரும் சொல்வதுதானே. அவர் நம்பவில்லை. எழுந்து போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவர் போனதும் என்னிடம் வந்து நின்றாள்.

"நீக கீழச்சிவல்பட்டிக்கு ஒருநடை போய்ட்டு வாங்க. கட்டி இல்ல, பாரம் தாங்காமக் கொறைச்சாகன்னு அந்த வீட்டு ஆம்பளையள்ட்ட ஒருவார்த்தை சொன்னாப் போதும். எனக்காக வேணாம். தங்கச்சிக்காக."

ஆண்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்தபோது எங்கள் பின்கட்டு பூட்டியிருந்தது. பிள்ளைகள் ஆத்தாவிடம் இருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வந்தாள். நெஞ்சில் போட்ட கட்டை இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை; காரைக்குடியில் இறங்கி வேறு பஸ் மாறி, ஒரு கையால் கம்பியைப் பிடிக்கவும் முடியாமல் போய்த் திரும்பியிருக்கிறாள். சேலைத் தலைப்பெல்லாம் புழுதி.

"அந்த வீட்டுப் பொம்பளையள்ட்டச் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "நம்பலை. அப்புறம் தழும்பைக் காட்டுனேன். தோள்ல இருக்க பள்ளத்தையும் காட்டுனேன்."

நான் அப்போது சொன்னதை எழுதாமல் விட்டால் இதை எழுதியே பயனில்லை. சத்தியம் பண்ணிவிட்டு இப்படிச் செய்யலாமா, என் பேர் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"நெனச்சேன்" என்றாள். "நெனச்சுத்தான் ஒங்ககிட்டச் சொல்லாமப் போனேன்."

அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் சமைக்க வேண்டியிருக்கவில்லை. கை இன்னும் சரியாகவில்லையே என்றேன்; பாத்திரத்தில் பாதித் தண்ணீர் மொண்டுகொள்கிறேன் என்றாள். தலையை மட்டும் வாரிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கை உயரும்வரை வாராமலே முடிந்துகொண்டாள்.

கலியாணம் நடந்தது. அவள் தங்கையின் பின்னால் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கொண்டையில் பூச்சரத்தைச் சுற்றி ஊசி குத்தினாள். முன்வரிசையில்தான் நின்றாள். ஆண்கள் கூட்டத்திலிருந்து பார்த்தேன். கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பார்த்து நின்றார். சிரித்த முகத்தோடுதான் பேசினார்.

"நீக படிச்சவுக. ஊருக்கே பாடம் சொல்றீக. இதைச் சொல்ல ஒங்க வீட்டு ஆச்சி புண்ணோட பஸ் ஏறி வரணுமாக்கும்."

தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்காக இருவரும் நடந்தோம். பிள்ளைகள் தாத்தாவிடம் நின்றுவிட்டார்கள். நான் வழக்கம்போல முன்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும், அவள் பக்கத்தில் வரட்டும் என்று நடையைத் தளர்த்தினேன். அவள் காலடிச் சத்தமும் தளர்ந்தது. நான் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவளும் அங்கேயே நின்றிருந்தாள். முதுகு நேராக, தலை நிமிர்ந்து, கையில் தாம்பூலப் பையோடு.

"நீக போங்க" என்றாள். "நான் வாரேன்."

அதில் கோபம் இல்லை. ஒரு வழிப்போக்கனிடம் சொல்வதைப் போலச் சொன்னாள். கடைசிவரை அந்த இடைவெளியிலேயே வந்தாள். நடையைத் தளர்த்திப் பார்ப்பதை நான் எப்போது விட்டேன் என்று நினைவில்லை.