ஓலீட்டா ப்ரூவரின் 617

எங்கள் விமானம் பறக்காது என்பது எங்களுக்கு முதல் நாளே தெரியும். பிளைவுட்டில் செய்த விமானம் எங்கே பறக்கும்? ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகப்போகிற விமானம் இப்படித்தான் இருக்கும் என்று விமான சர்வீஸ்காரர்களுக்குக் காட்டுவதற்காக, ஹால்வர்சன் கம்பெனி அதை முழு அளவில் மரத்தில் செய்யச் சொன்னது. இதேபோன்ற வரைபடங்களோடு வேறு கம்பெனிகளும் வாஷிங்டன் வாசலில் நின்றுகொண்டிருந்தன. அரசாங்கம் யாருடையதைத் தேர்ந்தெடுக்கிறதோ அவர்கள்தான் நிஜ விமானம் கட்டலாம். உடற்கூட்டை நாங்கள் தச்சர்கள் செய்தோம். உள்ளே முப்பது இருக்கைகளைத் தைத்தவள் ஓலீட்டா ப்ரூவர்.

யுத்த காலத்தில், பத்தொன்பது வயதில், ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு பஸ் ஏறி வந்தவள். விமான இறக்கைகளுக்கு ரிவெட் ஆணி அடித்தாள். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவள் போகவில்லை. குஷன் பிரிவில் ஒரு தையல் இயந்திரம் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி அதன்முன் உட்கார்ந்துவிட்டாள். கழித்துப்போட்ட இருக்கைகளைப் பிரித்து, திரும்பத் தைத்து, மறுபடி பிரித்துக் கற்றுக்கொண்டாள்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் முத்திரை உண்டு. செய்த பொருளில் அதைப் பதித்தே தீர வேண்டும். ஓலீட்டாவின் நம்பர் 617. இருக்கைக்கு அடியில் ஒரு துணிப்பட்டை தைத்திருக்கும். அதில் அளவு, பக்கத்தில் 617. 1953ஆம் வருஷம் ஒருநாள், பெல்ட் கோர்க்கும் இடத்தில் போடவேண்டிய இரட்டைத் தையலை ஒற்றையாகப் போட்டுவிட்டாள். எங்கோ ஒரு மெக்கானிக் கவனித்து, பட்டையில் இருந்த நம்பரைச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு போன் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த வாரம் தைத்த நாற்பது இருக்கைகளையும் திருப்பி வரவழைத்து, அவளே பிரித்துத் தைத்தாள். அதற்குப் பிறகு 617ஐப் பற்றி அவளிடம் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

மர விமானத்துக்கான இருக்கை வரைபடத்தை ஃபோர்மேன் ட்வைட் ஹாஸ்லம் கொண்டுவந்தபோது, ஒன்றுக்கு இரண்டாக இருந்தது.

"ட்வைட், இதுல எது சரி?"

"ரெண்டும் சரிதான்."

"ஒண்ணுல அகலம் பதினேழரை அங்குலம். இன்னொண்ணுல பதினாறு. எப்படி ரெண்டும் சரியாகும்?"

"பதினேழரை, வர்றவங்க கையில குடுக்கிறது. பதினாறு, நீ தைக்கிறது. முதுகும் காலும்கூட குட்டைதான். உள்ள எவ்வளவு ஒடுக்கம்னு நீயே பாத்தல்ல? நெஜ அளவுல சீட்டப் போட்டா சாக்கடைக் குழாய்க்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். வீடு விக்கிறவங்க காட்டுற மாடல் வீட்டுல, ரூம் பெருசாத் தெரியணும்னு சின்னக் கட்டிலாப் போடுவாங்கல்ல, அந்த மாதிரி."

அந்த உதாரணத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

"நானும் என் புருஷனும் அப்படி ஒரு கட்டிலப் பாத்து ஏமாந்துதான் ரெசீடால வீடு வாங்கினோம். எங்க கட்டிலப் போட்டதும் அலமாரிக் கதவு தெறக்கல. பதினோரு வருசமா கட்டில் மேல ஏறி நின்னு சட்டை எடுக்கறேன். அதே வேலைய என்னையே செய்யச் சொல்றியா?"

"பறக்காத விமானத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு கோவம்?"

"இதப் பாத்து வாங்கறவன் பறக்கறதுலதான ஆளுங்கள உக்கார வைப்பான்?"

"தைப்பியா மாட்டியா?"

"தைக்கிறேன். பட்டைல பதினாறுன்னு போட்டு என் முத்திரைய வைக்கிறேன். பதினேழரைன்னு போட்டா என் நம்பர் கிடையாது."

"சரி தாயே, பட்டைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல தை."

ஐந்து வாரத்தில் முப்பதும் முடிந்தன. நீலக் கம்பளித் துணி. தூரத்திலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. நடைபாதை அகலமாகி, கூரையும் உயர்ந்துவிட்டது போல் தோன்றியது. அதைச் செய்த எங்கள் கண்களையே ஏமாற்றியது.

புதன்கிழமை விமான சர்வீஸ்காரர்கள் வருவதாக இருந்தது. செவ்வாய் மதியம் ஒரு தலைச்சாய்வின் உறை கழன்றிருக்கிறது என்று ஓலீட்டாவைக் கூப்பிட்டார்கள். ஊசியைக் கீழே தவறவிட்டு, எடுக்கக் குனிந்தபோது இருக்கைக்கு அடியில் பட்டை தெரிந்தது. பதினேழரை அங்குலம். 617. அடுத்த இருக்கையிலும் அதேதான். வேலை முடிந்ததும் எங்கள் முத்திரைகளைக் கம்பிக் கூண்டில் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவோம். அந்தக் கூண்டின் சாவி ஹாஸ்லமிடம் இருந்தது.

கையில் ஊசியோடு அவர் முன்னால் போய் நின்றாள். நாங்கள் இழைப்புளியைக் கீழே வைத்தோம்.

"என் முத்திரைய எவன் எடுத்தான்?"

"நம்பர் இல்லாம இன்ஸ்பெக்டர் வாங்க மாட்டேன்னுட்டார். நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. நான் என்ன பண்ண?"

"உன் நம்பரப் போட வேண்டியதுதான?"

"நான் தைக்கலையே."

"நானுந்தான் பதினேழரை தைக்கல."

யாரோ சிரித்துவிட்டார்கள். ஹாஸ்லமின் கழுத்து சிவந்தது. "நல்லாக் கேட்டுக்க ஓலீட்டா. அந்த நம்பர் கம்பெனியோடது. உங்கப்பன் உனக்கு வச்ச பேரு இல்ல."

அவள் திரும்பிப் போனாள்.

புதன் காலை எட்டு மணிக்கு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு விமானத்துக்குள் ஏறினாள். முதல் வரிசையில் முழங்காலிட்டு ஒவ்வொரு பட்டையாக அறுக்க ஆரம்பித்தாள். போட்டோவுக்காகப் பயணிகளாக உட்கார ஆபீசிலிருந்து டைப்பிஸ்ட் பெண்களை அனுப்பியிருந்தார்கள். ஐந்தடிக்கு மேல் ஒருத்தியும் இல்லை. அளந்து பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். குதிகால் உயர்ந்த செருப்போடு ஓலீட்டாவின் கால்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஹாஸ்லம் வாசலில் நின்று கத்தினார். கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஓலீட்டா முப்பதாவது பட்டையையும் அறுத்து, எல்லாவற்றையும் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினாள்.

விருந்தினர்களை நடையில் நடத்திக் காட்டினார்கள். இருக்கையில் உட்காரச் சொல்லவில்லை. "தாராளமா இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தினாள் என்று குற்றச்சாட்டு. யூனியன்காரர் எமிலியோ பர்ரோன் ஓர் இருக்கையைத் தூக்கி வரச் சொன்னார். தூக்கிப் போனது நான். அதை நடுவில் வைத்துவிட்டு பர்ரோன் கேட்டார்: "மிஸ்டர் ஹாஸ்லம், இதுல கொஞ்சம் உக்காந்து காட்டறீங்களா?"

ஹாஸ்லம் எழுந்து நின்றாலே மேஜை சிறியதாகத் தெரியும். "இது என்ன சர்க்கஸா?" என்றார். உட்காரவில்லை.

நிர்வாக அதிகாரி அந்த இருக்கையைப் பார்ப்பதைத் தவிர்த்தார். காகிதங்களை அடுக்கிவிட்டுச் சொன்னார்: "மிசஸ் ப்ரூவர், உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. மூணு நாள் சம்பளம் பிடிப்போம், அவ்வளவுதான். 617 பத்தி இனி நீங்க கவலைப்படவே வேண்டாம். அது இன்னையிலேர்ந்து உங்க நம்பர் இல்ல. உங்களுக்கு 904."

புது முத்திரையை மேஜையில் வைத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது: இன்ஸ்பெக்டருக்காகப் பட்டைகள் திரும்ப ஏறப்போகின்றன. அதே பதினேழரை, அதே 617. இனி யாருடையதும் அல்லாத ஒரு நம்பர். யாரும் வந்து சண்டை போட மாட்டார்கள்.

"நான் தச்ச சீட்டு இப்பவும் வானத்துல போய்ட்டிருக்கு," என்றாள் ஓலீட்டா. "இருபது வருசத்துச் சீட்டு. எல்லாத்துலயும் 617. நாளைக்கு ஒரு பெல்ட் அறுந்தா யாருக்கு போன் பண்ணுவீங்க?"

"அதுக்கெல்லாம் ஆபீஸ் இருக்கு."

"ஆபீசா தச்சுது?"

பர்ரோன் அவள் கையைப் பிடித்தார். "ஓலீ, நாம ஜெயிச்சுட்டோம். பென்ஷனுக்கு இன்னும் மூணு வருசம்தான். முத்திரைய எடுத்துக்க."

"நீ ஜெயிச்ச, எமிலியோ," என்றாள். 904ஐத் தொடவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். திங்கட்கிழமை அவள் இயந்திரத்தில் வேறொருத்தி உட்கார்ந்து புதுப் பட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் வாஷிங்டன் வேறொரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது. கூடம் காலியாக வேண்டும் என்றார்கள். நாங்கள் கட்டியதை நாங்களே ரம்பம் போட்டு அறுத்தோம். இருக்கைகளை வெளிமுற்றத்தில் குவித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அட்டையில் எழுதி வைத்தார்கள். மறுநாள் காலை ஓலீட்டாவின் பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. அப்போது அவள் படகுக்காரர்களுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள். யார் தகவல் சொன்னது என்று இன்றுவரை நான் சொல்லவில்லை. குவியலருகே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இருக்கை இருக்கையாக இழுத்துப் புரட்டிப் பட்டைகளை அறுத்தாள்.

ஹாஸ்லம் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். வேலை நீக்கக் கடிதம் அவருக்கும் வந்திருந்தது.

"குப்பைக்குப் போறதுதான ஓலீ. இன்னும் கோவம் தீரலையா?"

அவள் நிமிரவில்லை. கடைசிப் பட்டையையும் டப்பாவில் போட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"இருபத்தொம்பது. ஒண்ணு எங்க?"

ஹாஸ்லம் காபியைப் பார்த்தார். "எம் பேத்திக்கு எடுத்துட்டுப் போனேன். அவளுக்குச் சரியா இருக்கு."

ஓலீட்டா கத்தியை மடக்காமல் எழுந்தாள்.

"அதுலயும் என் நம்பர் இருக்கு. வண்டில ஏறு," என்றாள்.